ரீஸ்டார்ட் அடித்தால் போதுமா?

நம்ம ஊர் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷின் நூலை அறுத்துக்கொண்டே இருந்தால் மெக்கானிக் என்ன செய்கிறார்? ஊசியைப் பார்ப்பார், நூல் போகும் வழியைப் பார்ப்பார், டென்ஷனைப் பார்ப்பார். சும்மா அணைத்து அணைத்துப் போட மாட்டார். அதே கம்பெனியின் ஆபீஸ் ரூமில் கணக்கு சர்வர் படுத்துவிட்டால் மட்டும், "ரீஸ்டார்ட் அடிங்க, சரியாயிடும்!" அதற்கும் மசியவில்லை என்றால், "ஃபார்மட் பண்ணிடலாங்க!" கம்ப்யூட்டர் படிக்கிற நாமே இப்படிச் சொல்லலாமா?

கணக்கு என்றதும் இங்கே பலருக்கும் நினைவுக்கு வருவது டேலிதான். ஆலைகளுக்கு உதிரி பாகங்கள் விற்றுவந்த ஷியாம் சுந்தர் கோயங்கா, தன் கணக்குக்கு ஏற்ற மென்பொருள் கிடைக்காமல் மகன் பரத் கோயங்காவை எழுதச் சொன்னார். 1986-ல் கம்பெனி பிறந்தது. ஆக, டேலியும் ஒரு வகையில் ஆலைத் தொழில் பெற்ற பிள்ளைதான்!

பல கம்ப்யூட்டர்களில் டேலி ஓடும் ஆபீசில், லைசென்ஸைப் பங்கிட்டுக் கொடுக்க சர்வரில் ஒரு 'சர்வீஸ்' ஓசையில்லாமல் ஓடும். அது கிளம்பாவிட்டால் டேலி 'எஜுகேஷனல்' முறைக்குப் போய்விடலாம். அப்புறம் மாதத்தின் முதல் இரண்டு நாளும் கடைசி நாளும் தவிர வேறு தேதியில் பதிவு போட முடியாது. டேட்டா எங்கும் போகவில்லை. ஆனால் 'எல்லாம் போச்சு' என்று பயந்து ஃபார்மட் போட்டால், நிஜமாகவே போய்விடும்!

இது முதலாளி பாடு, நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். திருப்பூரில் சனிக்கிழமை சம்பள நாள். என் அம்மா செக்கிங் வேலைக்குப் போகிறவர். ஒரு சனிக்கிழமை, "சிஸ்டம் ஓடலீங்க்கா, திங்கக்கிழமை வாங்கிக்கங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை மளிகைக் கடையில் கடன் சொல்ல வேண்டியதாயிற்று.

விண்டோஸ் ஒன்றும் ஊமை அல்ல. 1069 என்று எண் காட்டினால், சர்வீஸ் உள்ளே நுழையும் பெயரோ பாஸ்வேர்டோ பொருந்தவில்லை. 1068 என்றால், அது நம்பியிருக்கும் வேறொரு சர்வீஸ் கிளம்பவில்லை. 1053 என்றால், குறித்த நேரத்துக்குள், வழக்கமாக 30 விநாடிக்குள், பதில் வரவில்லை. டேலி லைசென்ஸ் சர்வீஸ் வழக்கமாக 9999 என்ற போர்ட்டில் உட்காரும். அந்த இடத்தை வேறு புரோகிராம் பிடித்திருந்தால் 'நெட்ஸ்டாட்' கட்டளை காட்டிக்கொடுத்துவிடும். எத்தனை மணிக்கு எது நின்றது என்பது ஈவென்ட் வியூவரில் பதிவாகியிருக்கும். இதையெல்லாம் தொடுவதற்கு முன்னால், டேட்டா ஃபோல்டரை வேறு டிஸ்க்கில் நகல் எடுத்துவிட வேண்டும்.

"அவசரத்துக்கு ரீஸ்டார்ட்தானே கைகொடுக்குது?" என்பீர்கள். சில சமயம் கொடுக்கும்தான். ஆனால் ஏன் நின்றது என்று தெரியாமல் ஓடத் தொடங்கியது, மறுபடியும் அதே காரணத்தால் நிற்கும். அன்றைக்கும் சனிக்கிழமையாக இருந்தால்?

'சர்வர் என்றால் என்ன?' என்று கேட்டால் எழுதி மார்க் வாங்கிவிடுகிறோம். லேபில் ஒரு சர்வீஸின் பாஸ்வேர்டை வேண்டுமென்றே மாற்றி வைத்து, "எதனால் நின்றது, கண்டுபிடி" என்று நம்மை விட வேண்டும். காரணத்தை நோட்டில் எழுதியவருக்கே மார்க் தர வேண்டும். செமஸ்டருக்கு இப்படி ஒரு பயிற்சியாவது வேண்டும் என்று நம் மாணவர் சங்கம் துறைத் தலைவரிடம் கேட்க வேண்டும்.

பதறாத காரியம் சிதறாது. முதலில் எர்ரர் எண்ணை எழுதிக்கொள்வோம் நண்பர்களே, ரீஸ்டார்ட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்!