பேருவளையில என்ன டீச்சர் இருக்கு?

கொஞ்சம் நீளமான பதிவு. பெற்றோர், பழைய மாணவர், கடைத்தெரு உறவுகள் எல்லோரும் முழுசாக வாசித்துவிட்டு, அதற்குப் பிறகு ஏச வேண்டுமென்றால் ஏசுங்கள்.

நம் தோட்டப் பக்கத்துப் பாடசாலைகளின் கல்விச் சுற்றுலாப் பட்டியல் வருடா வருடம் மாறுவதே இல்லை. காலிக் கோட்டை, கொஸ்கொட ஆமைப் பண்ணை, பெந்தோட்டைக் கடற்கரை, இருட்டினதும் வீடு. இந்த முறை பேருவளையில் அரை நாள் நிற்போம் என்று பெற்றோர் கூட்டத்தில் சொன்னேன். ஒரு தகப்பன் எழும்பி, "பேருவளையில என்ன டீச்சர் இருக்கு? பஸ்ஸ நிப்பாட்டி டொய்லெட் போற ஊர் தானே" என்றார். சிரிப்பு அடங்கும்போது பின்வரிசையிலிருந்து இன்னொரு குரல், "முஸ்லிம் ஊர்ன்றதால சொல்றாங்க" என்றது. இரண்டுக்கும் அங்கேயே நின்று பதில் சொல்ல நேரம் இருக்கவில்லை. இங்கே சொல்கிறேன்.

நான் தர்கா நகர் கல்வியியற் கல்லூரியில் படித்தவள். விடுதி வாழ்க்கை இரண்டு வருடம். பேருவளை அங்கிருந்து பஸ்ஸில் சில நிமிடம். அதனால் அந்த ஊரைப் படத்தில் பார்த்துவிட்டுப் பேசவில்லை.

முதலில் நம் பக்கத்திலிருந்தே தொடங்குகிறேன். களுகங்கை எங்கே பிறக்கிறது? சிவனொளிபாதமலையில். நாங்கள் பாவாத மலை என்போம். அங்கிருந்து இரத்தினபுரியைத் தொட்டு, களுத்துறையில் கடலில் விழுகிறது. அந்த முகத்துவாரத்திலிருந்து தெற்கே பதினைந்து கிலோமீற்றர் போனால் பேருவளை. 2003 மே மாதமும் 2017 மே மாதமும் வெள்ளம் வந்தபோது இரத்தினபுரியும் களுத்துறையும் சேர்ந்துதான் மூழ்கின. வெள்ளம் கங்கையோடு போகிறது. நம் மண்ணிலிருந்து கிளம்பும் கல்லோ பஸ்ஸில் போகிறது. காவத்தை, பெல்மதுளை, நிவித்திகலை, குருவிட்டை என்று எங்கே குழி வெட்டினாலும், அதிலிருந்து வரும் நல்ல கல்லில் கணிசமான பங்கு கைமாறிக் கைமாறிப் போய்ச் சேரும் இடங்களில் ஒன்று பேருவளை சீனன்கோட்டை. இந்த நாட்டின் பெரிய இரத்தினக்கல் சந்தைகளில் அதுவும் ஒன்று.

ஆக, அந்தத் தகப்பனுக்கு என் முதல் பதில் இதுதான்: நீங்கள் குழியில் இறங்கித் தோண்டி எடுத்த கல் போய் நிற்கும் ஊர் அது, அண்ணே. உங்கள் மகன் அதைப் பார்க்க வேண்டாமா?

இனி ஊரின் கதைக்கு வருவோம். பேருவளை என்ற பெயரே பாயை இறக்கும் இடம் என்ற பொருளுள்ள சிங்களச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். கப்பல்காரன் பாயை இறக்கி நங்கூரம் போட்ட துறை. அரபு வணிகர்கள் இந்தத் தீவுக்கு வந்தது கறுவாவுக்கும் மாணிக்கத்துக்கும். மருதானையிலுள்ள மஸ்ஜிதுல் அப்ரார் பள்ளிவாசல் கி.பி. 920இல் கட்டப்பட்டது என்பது வழிவழியாக வரும் செய்தி. நாட்டின் மிகப் பழைய பள்ளிவாசல் என்று அதைத்தான் சொல்கிறோம். கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும் பாறை மேட்டில் வெள்ளை வெளேரென்று கெச்சிமலைப் பள்ளிவாசல். அங்கே அஷ்ரப் வலியுல்லாஹ் அவர்களின் ஸியாரம் இருக்கிறது. அதன் முன்றலில் நின்றால் ஒரு பக்கம் மீன்பிடித் துறைமுகம், வரிசையாகப் பலநாட் கலங்கள். கடலுக்குள் சின்னத் தீவில் வெளிச்சவீடு தெரியும். ஒல்லாந்தர் இந்த ஊரை எழுதிய பெயர்தான் அந்தத் தீவுக்கு 'பாபரின்' என்று இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

1344இல் இப்னு பதூதா இந்த நாட்டுக்கு வந்தார். புத்தளப் பக்கம் இறங்கி, பாவாத மலை ஏறி, தெய்வந்துறை, காலி, கொழும்பு வழியாகத் திரும்பினார். மலைக்குப் போகும் வழியில் கண்ட மாணிக்கங்களை அவர் வியந்து எழுதியிருக்கிறார். நம் பிள்ளைகள் ஏழெட்டுத் தலைமுறையாகத்தான் இந்த மலையில் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் விளையாடும் மண்ணின் பெயர் அறுநூறு வருடத்துக்கு முன்பே ஒரு மொரோக்கோக்காரனின் பயணப் புத்தகத்தில் ஏறிவிட்டது. இதை வகுப்பில் சொன்னபோது ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, "அப்ப நம்ம ஊரு பேமஸா டீச்சர்?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

சுற்றுலா என்ற தொழில் இந்தக் கரைக்கு வந்தது நேற்றுத்தான். 1966இல் சுற்றுலாச் சபைச் சட்டம் வந்தது, 1967இல் பெரிய திட்டம் வரைந்தார்கள். தென்மேற்குக் கரையைத் தேர்ந்தெடுத்தார்கள். பெந்தோட்டையில் ஜெப்ரி பாவா கட்டிய ஹோட்டல் எழும்பியது. 1970களில் அவரே பேருவளையில் நெப்டியூன் ஹோட்டலையும் கட்டினார். மொரகல்லைக் கரை முழுக்க வெள்ளைக்காரர்கள், முக்கியமாக ஜேர்மன்காரர்கள். ஆயுர்வேத சிகிச்சை என்று வாரக்கணக்கில் வந்து தங்குபவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

இதில் எனக்கு எப்போதும் வியப்பான விடயம், ஒரே ஊருக்குள் மூன்று ஊர்கள் இருப்பது. காலி வீதிக்குக் கடற்பக்கம் நீச்சல் குளமும் வெயில் காய்பவர்களும். துறைமுகத்தில் அதிகாலை மூன்று மணிக்கே மீன் ஏலம். சீனன்கோட்டையில் வெள்ளைத் தொப்பியும் சாரமும் கட்டிய மனிதர்கள், கைக்குள் மடித்த வெள்ளைத் தாள், தாளுக்குள் கல். மூன்றும் ஒன்றையொன்று இடிக்காமல் இத்தனை வருடம் ஓடுகிறது. பாங்கு சொல்லும்போது கரையில் பாட்டை நிறுத்தும் கடைக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன். எல்லாம் தேனும் பாலும் என்று சொல்ல வரவில்லை. உல்லாசப் பயணம் அந்தக் கரைப் பிள்ளைகளுக்குச் செய்த கெடுதலும் உண்டு. சிறுவர்களைச் சீரழித்த கதைகள் 1990களில் நாட்டையே உலுக்கி, 1998இல் சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைக்குச் சட்டம் போட வைத்த காரணங்களில் அதுவும் ஒன்று. ஆசிரியராக அதை மறைத்துவிட்டு அழகை மட்டும் காட்ட எனக்கு விருப்பமில்லை.

2004 சுனாமி அந்தத் துறைமுகத்தை அடித்தது. 2014 ஜூன் 15 அளுத்கம, தர்கா நகர், பேருவளைப் பக்கம் வீடுகளையும் கடைகளையும் எரித்தது. உயிர்கள் போயின. அப்போது நான் நியமனம் பெற்று மலைக்கு வந்துவிட்டேன். இரவு முழுக்கக் கல்லூரித் தோழிகளுக்குப் போன் எடுத்துக்கொண்டிருந்தது ஞாபகம். மறுநாள் லயத்திலிருந்து ஒரு பாட்டி வந்து, "ஒங்க சனம் எல்லாம் சொகமா டீச்சரம்மா? எங்களுக்கும் எம்பத்தி மூணுல இப்படித்தான்" என்றார். மாவனல்லைக்காரர்களுக்கு 2001 ஞாபகம் இருக்கும். 'முஸ்லிம் ஊர் என்பதால்தானே' என்று கேட்ட சகோதரருக்கு என் பதில் அந்தப் பாட்டியின் வாயிலேயே இருக்கிறது. மூன்று சமூகமும் அடி வாங்கியதும் அடித்ததுமான நாடு இது. எரிந்த ஊர் எப்படி மறுபடி கடை திறந்தது என்பதையும் பிள்ளைகள் பார்க்கட்டும்.

இப்போது கொஞ்சம் கசப்பான பகுதி. என் சொந்தச் சமூகத்துக்கும் சேர்த்துத்தான்.

குழி வேலையை நம் பெற்றோர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. காணிக்காரன், லைசன் எடுத்தவன், செலவுக்குப் பணம் போட்டவன், பம்ப் வைத்திருப்பவன் என்று பங்குகள் போனபின் மிச்சம்தான் குழிக்குள் நின்றவர்கள் பிரித்துக்கொள்வது. கல் கிடைக்காத மாதங்களில் அதுவும் இல்லை, சோறும் தேத்தண்ணியும்தான். கல் மேலே வந்தபின் அதன் விலையைச் சொல்பவர் வேறு ஆள். 1970களில் கெவுடா என்ற பால் நிறக் கல்லை நம் ஆட்கள் தோட்டத்துக்கு அலங்காரமாகப் போட்டார்கள், சல்லிக் காசுக்கு விற்றார்கள். தாய்லாந்துக்காரர் அதை வாங்கிப்போய்ச் சூடாக்கி நீலமாக்கி விற்றார்கள். அந்தச் சூடாக்கும் வித்தையைப் பிறகு கற்றுக்கொண்டு நாட்டுக்குள் கொண்டுவந்தவர்களில் பேருவளைக்காரர்களுக்குப் பெரிய பங்குண்டு. இன்றைக்கு அவர்கள் மடகஸ்கார் வரைக்கும் போய்க் கல் வாங்குகிறார்கள். கெட்டித்தனம் இல்லை என்று யார் சொல்வது? அதே கெட்டித்தனத்தை அறிவாக, தொழிலாக நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. குழியில் இறங்க மட்டும் பழக்கினோம்.

நளீம் ஹாஜியாரை எல்லோருக்கும் தெரியும். 1933இல் சீனன்கோட்டையில் பிறந்து, வறுமையால் பள்ளிப் படிப்பை இடையில் விட்டவர். கல் வியாபாரத்தில் எழும்பி, 1973இல் ஜாமிஆ நளீமிய்யாவை நிறுவினார். 2005இல் மறைந்தார். அங்கே படித்து வந்தவர்கள் இன்று பல்கலைக்கழகங்களிலும் அரச சேவையிலும் இருக்கிறார்கள். படிக்க முடியாமல் போன ஒரு மனிதர் மற்றவர்கள் படிக்க வேண்டும் என்று நினைத்தது எவ்வளவு பெரிய விடயம். அந்தக் கட்டடத்தின் முன்னால் நம் பிள்ளைகளை நிறுத்தி இந்தக் கதையைச் சொல்ல எனக்கு ஆசை.

ஆனால் ஒரு கேள்வி கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். இரத்தினபுரி மாவட்டத்து மண்ணிலிருந்து போன கல்லால் கரையோரத்தில் கல்லூரி எழும்பியது, பள்ளிவாசல்கள் எழும்பின, அல்ஹம்துலில்லாஹ். அந்தக் குழியை வெட்டியவனின் பிள்ளை படிக்கும் தோட்டப் பாடசாலையில் விஞ்ஞான அறை இருக்கிறதா? ஏ.எல். விஞ்ஞானம் தமிழில் படிக்க நம் பிள்ளை எத்தனை பஸ் மாற வேண்டும்? ஸதகாவுக்கு எல்லை மதமா? இரத்தினபுரியிலும் பேருவளையிலும் கல் வியாபாரம் செய்யும் நம் ஹாஜியார்மாரிடமும், சிங்கள, தமிழ் முதலாளிமாரிடமும் நான் கேட்பது ஒன்றுதான். கல் எந்தத் தோட்டத்து எல்லையிலிருந்து வந்ததோ, அந்தத் தோட்டத்துப் பாடசாலைக்கு வருடத்துக்கு ஒரு முறை வந்து பாருங்கள். பணத்தை விடுங்கள். ஒரு நல்ல கல்லையும் போலியையும் எப்படிப் பிரிப்பது என்று பத்தாம் வகுப்புக்கு ஒரு மணித்தியாலம் சொல்லிக்கொடுங்கள். பட்டை தீட்டும் பட்டறையில் இரண்டு பிள்ளைகளைப் பழக எடுங்கள். குழியை மூடுவதற்கென்று அதிகாரசபை கட்டுப்பணம் வாங்கியும் மூடாமல் விட்ட குழிகள் நம் லயங்களுக்குப் பின்னால் தண்ணீர் நிரம்பிக் கிடக்கின்றன. டெங்கும் அங்கே, சின்னப் பிள்ளைகள் விளையாடுவதும் அங்கே. அதையும் ஒரு முறை பார்த்துவிட்டுப் போங்கள்.

கடற்கரை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் தெற்குக் கரையில் ஒரு ஹோட்டலுக்கு முன்னாலுள்ள மணலில் பிள்ளைகள் ஓடியபோது காவலாளி விசில் அடித்துத் துரத்தினார். பிள்ளைகள் ஒன்றும் பேசாமல் பஸ்ஸுக்குத் திரும்பினார்கள். துரை பங்களாவுக்கு முன்னால் நடக்கும்போது தலை குனிந்து போவதுபோல. எனக்கு அன்று வயிறு எரிந்தது அந்தக் குனிவுக்குத்தான். மணல் அரசாங்கக் காணி, பொதுச் சொத்து. கரையோரப் பாதுகாப்புக்கு 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. கரையிலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம், அதற்குள் நினைத்தபடி யாரும் எதையும் கட்ட முடியாது. கதிரை போட்டவனுக்குக் கதிரை சொந்தம், மணல் சொந்தமில்லை. இந்த முறை பஸ்ஸில் ஏறுமுன் பிள்ளைகளுக்கு இதை ஒரு பாடமாகவே நடத்தப் போகிறேன். குப்பை போடாமல், வெயில் காய்பவர்களை முறைத்துப் பார்க்காமல், சத்தம் போடாமல் இருப்பது நம் பக்கத்துக் கடமை. அதையும் சேர்த்தே சொல்வேன்.

"டீச்சர், பள்ளிவாசலுக்குள்ள எங்கட புள்ளைகள விடுவாங்களா?" என்று ஒரு அம்மா தனியாகக் கேட்டார். கெச்சிமலைக்குச் செருப்பைக் கழற்றி, ஒழுங்கான உடுப்போடு வந்தால் எந்த மதத்தவரும் வந்து பார்க்கலாம். அங்கே சிங்கள ஆட்களும் வருகிறார்கள். பொம்பிளைப் பிள்ளைகள் தலைக்கு ஒரு சால் கொண்டுவந்தால் போதும். உள்ளே எதுவும் ஓதவோ கும்பிடவோ யாரும் சொல்லப் போவதில்லை.

திட்டம் இதுதான். காலை நாலு மணிக்கு பஸ். மத்துகம வழியாகப் போனால் வெயில் ஏறுமுன் பேருவளைத் துறைமுகம், மீன் இறக்குவதைப் பார்க்கலாம். அங்கிருந்து கெச்சிமலை. பத்து மணிக்குச் சீனன்கோட்டை. எனக்குத் தெரிந்த ஒரு வியாபாரி அரை மணித்தியாலம் கல்லைக் காட்டி விளக்கச் சம்மதித்திருக்கிறார், காசு வேண்டாம் என்றார். பகல் சாப்பாடு கையோடு கொண்டுபோவது. பின்னேரம் பெந்தோட்டையில் கடல் குளிப்பு, கங்கை கடலில் விழும் இடத்துக்குப் பக்கம் யாரும் இறங்கக் கூடாது, சுழி. காலி இந்த முறை இல்லை, டீசலுக்குக் கட்டாது. காசு கட்ட முடியாத வீடுகள் அதிபரிடமோ என்னிடமோ தனியாகச் சொல்லுங்கள், பிள்ளையிடம் சொல்லி அனுப்ப வேண்டாம். குழி வேலைக்குப் போகும் தகப்பன்மார் இரண்டு பேர் எங்களோடு வந்தால் நல்லது. சீனன்கோட்டையில் கல்லைப் பார்த்துப் பிள்ளைகள் கேட்கும் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியாது, உங்களால் முடியும்.