போறணைக் கணக்கும் காற்றடுப்பும்



கட்டாரில் தொழில் செய்யும் என் மச்சான், சென்ற நோன்புக்கு முன்னர் தன் உம்மாவுக்காக ஒரு பெட்டி அனுப்பியிருந்தார். உள்ளே 'எயார் ஃப்ரையர்' என்னும் காற்றடுப்பு. என் மாமிக்கு நெஞ்சு வருத்தம் வந்த பிறகு, எண்ணெயில் பொரித்த எதையும் தொடக்கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். நாற்பது வருடமாக வீட்டுக்கும் அயலுக்கும் பற்றிஸும் சமோசாவும் பொரித்துக் கொடுத்த கை அது. இப்போது நோன்பு திறக்கும் நேரத்தில் அவருக்கு முன்னால் பேரீச்சம்பழமும் கஞ்சியும் மட்டும்தான். மகனின் மனதை அதுதான் உறுத்தியிருக்கிறது.

முதல் நாள் என் மனைவி, பழைய சமையல் புத்தகத்தில் போறணைக்கு எழுதியிருந்தபடியே ஒரு முழுக் கோழியை அதற்குள் திணித்து, 200 பாகையில் 45 நிமிடம் வைத்தார். திறந்து பார்த்தால் மேற்பக்கம் கரி, எலும்போரம் இரத்தம். "காசு குடுத்துக் கரி வாங்கினதா மருமகன்?" என்றார் மாமி. மனைவி அதைத் திரும்பப் பெட்டியில் போட்டு அலுமாரிக்கு மேல் ஏற்றிவிட்டார்.

மகன் வெயிலில் உழைத்து அனுப்பிய பொருள் அலுமாரிக்கு மேல் கிடப்பதும் வீண்விரயம்தானே! கோழியைக் கெடுத்தது இயந்திரமா, நமது கணக்கா என்று உட்கார்ந்து படித்துப் பார்த்தேன். மத்ரஸாவில் கியாஸ் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. பழைய சட்டத்தைப் புதிய விடயத்துக்குப் பொருத்துவதற்கு முன் அதன் காரணத்தை அறிய வேண்டும்.

எங்கள் சிறு வயதில் கண்ட விறகுப் போறணையில் செங்கல் சூட்டைப் பிடித்து வைத்து மெல்ல மெல்ல விடும். வீட்டு மின் அவனிலும் காற்று பெரிதாக அசையாது. காற்றடுப்பிலோ மேலே சூடேறும் கம்பிச்சுருள், அதற்கு மேல் விசிறி. பிலிப்ஸ் நிறுவனம் 2010இல் பெர்லின் கண்காட்சியில் அறிமுகம் செய்த பின்னரே இது உலகெங்கும் பரவியது. பெயரில் பொரியல் இருந்தாலும், உண்மையில் இது விசிறி பூட்டிய சிறு போறணைதான். வாவிக்கரையில் காயப்போட்ட மீன், அதே வெயிலிலும் கச்சான் காற்று வீசும் நாளில் எவ்வளவு சீக்கிரம் காய்கிறது! உணவைச் சுற்றி நிற்கும் ஈரத்தைக் காற்று அள்ளிக்கொண்டு போகிறது. அதனால்தான் மேற்பரப்பு விரைவில் சிவந்து மொறுமொறுப்பாகிறது.

ஆகவே கணக்கு இதுதான். போறணைக்குச் சொன்ன வெப்பத்தில் சுமார் 15 முதல் 20 பாகை செல்சியஸ் குறையுங்கள். நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறையுங்கள். அதற்கும் சில நிமிடம் முன்னரே ஒருமுறை திறந்து பாருங்கள். விசிறி உள்ள அவனுக்கு எழுதிய குறிப்பென்றால் வெப்பத்தை மாற்ற வேண்டாம், நேரத்தை மட்டும் குறைத்தால் போதும்.

கோழிக்கால் துண்டுகள்: போறணையில் 200 பாகை, 40 நிமிடம் என்றிருந்தால், இதில் 180 பாகை, 25 முதல் 30 நிமிடம். பாதியில் திருப்பிப் போடுங்கள். தடித்த இடத்தின் உட்சூடு 74 பாகை வரவேண்டும். அளக்கும் கருவி இல்லாவிட்டால் மூட்டோரம் குத்திப் பாருங்கள். சிவப்பு நீர் வந்தால் இன்னும் வேகவில்லை.

கேக்: போறணையில் 180 பாகை என்றால் இதில் 160. ஆறு அங்குலத் தட்டில் பாதிக்குச் சற்று மேல் மட்டும் மா ஊற்றுங்கள். மேற்பக்கம் முதலில் சிவந்தால் அலுமினியத் தாளால் தட்டை இறுக மூடுங்கள். தளர்வாகக் கிடக்கும் தாள் பறந்து கம்பிச்சுருளில் ஒட்டிக்கொள்ளும்.

பற்றிஸ், கட்லட்: இருபுறமும் எண்ணெயைத் தூரிகையால் இலேசாகப் பூசி, 180 பாகையில் 10 முதல் 12 நிமிடம்.

கூடையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கக்கூடாது. காற்று போக வழியில்லாவிட்டால் சாதாரண அவித்தல்தான் நடக்கும். நீர்த்த மாவில் தோய்த்த பஜ்ஜி இதற்குச் சரிவராது, மா ஒழுகிவிடும். உருளைக்கிழங்கை அரை மணி நேரம் நீரில் ஊறவைத்துத் துடைத்துப் போடுங்கள். பொன்னிறத்தோடு எடுத்துவிடுங்கள். கருகக் கருக அக்ரிலமைட் என்னும் வேண்டாத பொருள் கூடுகிறது.

இன்னொரு எச்சரிக்கை. 1500 வோட் இயந்திரம் நமது 230 வோல்ட்டில் ஆறரை அம்பியர் இழுக்கும். பழைய 5 அம்பியர் பிளக்கிலோ மெல்லிய நீட்டு வயரிலோ மாட்டாதீர்கள். 13 அம்பியர் பிளக்கில் நேரே மாட்டுங்கள். செலவைப் பார்த்தால், 25 நிமிடம் ஓடினாலும் முக்கால் யூனிற்றைத் தாண்டாது. 2000 வோட் அவனைச் சூடேற்றி ஒரு மணி நேரம் ஓடவிட்டால் இரண்டு யூனிற் வரை போகும். 2022இல் கேஸுக்கு வரிசையில் நின்று, மின்வெட்டில் இருளில் நோன்பு திறந்த நமக்கு இந்தக் கணக்கு சிறிதல்ல.

நோயாளிகளுக்கு ஒரு வார்த்தை. எண்ணெய் குறைந்தாலும் மாவு மாவுதான், உப்பு உப்புதான். எத்தனை சாப்பிடலாம் என்பதை வைத்தியரிடமே கேளுங்கள். மாமிக்கு நாங்கள் அப்படிக் கேட்டோம். எப்போதாவது ஒன்று என்றார்.

பெட்டியை இறக்கிய மறுநாள், அஸருக்குப் பிறகு மாமியே மாவு பிசைந்து, பற்றிஸ் ஓரத்தை விரலால் மடித்தார். ஒரு தடவைக்கு ஆறுதான் கொள்ளும். ஆகவே மூன்று தடவை வைத்தோம். நோன்பு திறந்து ஒரு கடி கடித்தவர், "எண்ணெய்ச் சட்டி ருசி இல்ல மருமகன். ஆனா பழைய போறணை ருசி இருக்கு" என்றார். அன்றிரவு கட்டாருக்குத் தொலைபேசி எடுத்து மகனுக்கும் அதையே சொன்னார். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

அல்ஹம்துலில்லாஹ். உங்கள் வீட்டு அலுமாரிக்கு மேலும் ஒரு பெட்டி இருந்தால், இன்றே இறக்குங்கள்.