சீரியல் விமர்சனம் எழுதும் ஐயா, ஒருநாள் லயத்துக்கும் வாருங்கள்



போன மாதம் எங்கள் தோட்டத்து மாதர் சங்கக் கூட்டத்துக்கு ஒரு சகோதரி கசங்கிய பத்திரிகைத் தாள் ஒன்றைக் கொண்டுவந்தார். கடையில் பருப்பு சுற்றிக் கொடுத்த தாள். கொழும்பிலிருந்து வரும் ஒரு ஞாயிறு பத்திரிகையின் பக்கம். அதில் தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றி ஒருவர் விமர்சனம் எழுதியிருந்தார். நம்மைப் பற்றியும் நாலு வரி இருக்கிறது, வாசித்துக் காட்டுங்கள் என்றார்கள். வாசித்தேன். பாதியிலேயே இரண்டு பேர் கோபித்துக்கொண்டு எழும்பிப் போய்விட்டார்கள்.

அந்த ஐயா சொல்லியிருப்பது சுருக்கமாக மூன்று விஷயம். ஒன்று, இப்போது வருகிற சீரியல்கள் எல்லாம் மாமியார் மருமகள் சண்டையும் அழுகையும்தான், ஒரு கதையை ஐந்து ஆறு வருஷம் இழுக்கிறார்கள். இரண்டு, நல்ல தொடர் பார்க்க வேண்டுமானால் மாதக் கட்டணம் கட்டி இன்டர்நெட்டில் வருகிறவற்றைப் பார்க்க வேண்டும். மூன்று, தோட்டத்துப் பெண்கள் பொழுது சாய்ந்ததும் டி.வி. முன்னால் உட்கார்ந்துவிடுகிறார்கள், இந்தச் சமூகம் முன்னேறாததற்கு அதுவும் ஒரு காரணம்.

மூன்றுக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் இழுவை. கோலங்கள் தொடர் 2003 இல் தொடங்கி 2009 இல் முடிந்தது. ஆறு வருஷம். உண்மைதான், நீளம்தான். ஐயா, நாங்கள் நாள் சம்பளம் 1,000 ரூபாய் வேண்டும் என்று கேட்டது 2015 இல். அது வர்த்தமானியில் வந்தது 2021 மார்ச் மாதத்தில். அதுவும் ஆறு வருஷம். அந்த ஆறு வருஷத்தில் எத்தனை பேச்சுவார்த்தை, எத்தனை வாக்குறுதி, எத்தனை ஒத்திவைப்பு! 1,000 ரூபாய் கைக்கு வந்தபோது அரிசி விலையும் மா விலையும் எங்கேயோ போய்விட்டன. இந்த இழுவையைப் பற்றி உங்கள் பத்திரிகையின் பொழுதுபோக்குப் பக்கத்தில் ஒரு வரி வந்ததா? இழுத்தடிப்பதைப் பற்றி எங்களுக்குச் சொல்லித் தர வேண்டாம்.

அடுத்தது, அழுகை. சீரியலில் எல்லாம் நல்லது என்று நான் வாதாட வரவில்லை. அதை எங்கள் பெண்களே பேசுகிறார்கள். கொழுந்து எடுத்துக்கொண்டே மலையில் அவர்கள் செய்கிற விமர்சனத்தைக் கேட்டால் பத்திரிகைக்காரர் வெட்கப்படுவார். சண்டைக்காரி என்றால் பெரிய பொட்டும் பட்டுச் சேலையும், நல்லவள் என்றால் அடி வாங்கிக்கொண்டு பேசாமல் இருக்க வேண்டும், இது என்ன நியாயம் என்று கேட்கிறார்கள். அந்தப் பெரிய வீட்டில் யாரும் வேலைக்குப் போகிறதாகத் தெரியவில்லை, சம்பள நாள் என்றே ஒன்று இல்லை, எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று கேட்கிறார்கள். காட்சிக்குக் காட்சி தேத்தண்ணி வருகிறது, குடிக்காமலே வைத்துவிட்டு எழும்பிப் போகிறார்கள், இதைப் பறித்தவள் யார் என்று எவராவது கேட்டார்களா என்று ஒரு அம்மா கேட்டார். இந்தக் கேள்வி அரைப் பக்க விமர்சனத்தில் எங்கேயாவது இருக்கிறதா என்று தேடினேன். இல்லை.

எதிர்நீச்சல் தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 இல் தொடங்கி 2024 இல் முடிந்தது, பிறகு எதிர்நீச்சல் தொடர்கிறது என்று மறுபடியும் வந்தது. அந்த ஐயா இதையும் மற்றதோடு சேர்த்து ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டார். எங்கள் லயத்தில் அதை ஏன் அப்படிப் பார்த்தார்கள் என்று அவர் விசாரித்திருக்கலாம். படித்த பெண்கள் ஒரு வீட்டுக்கு மருமகளாக வந்து அடுப்படியில் அடைபட்டுக் கிடக்கிறார்கள். மூத்தவன் ஆதி குணசேகரன் வைத்ததுதான் சட்டம். அந்த வேஷத்தில் நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பரில் இறந்தபோது, திட்டித் திட்டிப் பார்த்த பெண்களே கண் கலங்கினார்கள். ஏன்? அந்த ஆளை அவர்களுக்குத் தெரியும். அவன் அவர்கள் வீட்டிலும் இருக்கிறான், மலையிலும் நிற்கிறான், சில இடங்களில் சங்க மேசையிலும் உட்கார்ந்திருக்கிறான்.

அந்தக் கதையில் அப்பத்தா பேரில் இருந்த 40 சதவீதப் பங்குக்காக எல்லாரும் அடித்துக்கொண்டார்கள். அதைப் பார்த்த மறுநாள் மலையில் ஒரு பெண் என்னிடம் கேட்டார்: "அக்கா, 7 பேர்ச், 10 பேர்ச் என்று மேடையில் பேசுகிறார்களே, அந்தக் காணி உறுதி யார் பேரில் எழுதுவார்கள்? என் பேரும் வருமா?" இந்தக் கேள்வியை அவர் வாயிலிருந்து வரவைக்க எங்கள் கூட்டங்களால் முடியவில்லை. ஒரு சீரியல் செய்தது. பல தோட்டங்களில் மனைவி உழைத்த சம்பளத்தைப் புருஷன் போய் வாங்கி வந்த காலம் ஒன்றும் வெகு தூரத்தில் இல்லை. அதை அனுபவித்தவளுக்கு அப்பத்தாவின் பங்கு வெறும் கதையா?

இரண்டாவது விஷயம், ஐயா புகழ்ந்த தொடர்கள். அவர் முதலாவதாகச் சொல்லியிருப்பது சுழல், 2022 இல் வந்தது. எட்டுப் பாகம். கொழும்பில் கடையில் வேலை செய்கிற என் மகன் பொங்கலுக்கு வந்தபோது போனில் காட்டினான். இரண்டு இரவாகப் பார்த்து முடித்தேன். நன்றாகத்தான் எடுத்திருக்கிறார்கள், நடிப்பும் நல்லது. பார்த்திபன் அதில் தொழிற்சங்கத் தலைவராக வருகிறார். சீமெந்துத் தொழிற்சாலையில் வேலைநிறுத்தம். அன்று ராத்திரி ஆலை தீப்பிடிக்கிறது. உடனே சந்தேகம் யார் மேல்? சங்கத் தலைவர் மேல். பிறகு கதை அவருடைய மகள் காணாமல்போனதைத் தேடிப் போகிறது. வேலைநிறுத்தம் செய்தவர்களின் அடுப்பு எரிந்ததா அணைந்ததா என்று நமக்குப் பெரிதாகத் தெரிய வராது.

விமர்சகர் மர்மத்தைப் புகழ்ந்தார், கமராவைப் புகழ்ந்தார், மலையையும் திருவிழாவையும் காட்டிய விதத்தைப் புகழ்ந்தார். வேலைநிறுத்தத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. தீ என்றதும் ஏன் சங்கத்துக்காரன் மேல் கை நீள்கிறது என்று அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை. நமக்குத் தோன்றும். தோட்டத்தில் ஏதாவது உடைந்தாலும் எரிந்தாலும் பொலிஸ் முதலில் யார் காம்பராவுக்கு வரும் என்று நமக்குத் தெரியும்.

மாதக் கட்டணம் கட்டிப் பாருங்கள் என்கிறார். டிஷ்ஷுக்குக் காசு போடுவதா, பிள்ளையின் வகுப்புக்குக் கட்டுவதா, கிழமை லோனுக்குக் கொடுப்பதா என்று எண்ணுகிற வீட்டில் இந்தப் புத்திமதி எப்படி ஒட்டும்?

மூன்றாவது குற்றச்சாட்டுதான் நெஞ்சில் தைத்தது. பெண்கள் டி.வி. முன்னால் உட்கார்ந்திருப்பதால் சமூகம் முன்னேறவில்லையாம்.

ஒரு கொழுந்துக்காரியின் நாளை எழுதுகிறேன். விடியுமுன் எழும்புகிறாள். தண்ணீர் பிடிக்கிறாள், ரொட்டி சுடுகிறாள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுத்துகிறாள், கைப்பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு மலைக்குப் போகிறாள். மழை, அட்டை, குளவி. கிலோ குறைந்தால் அரை நாள் பேர். பின்னேரம் நிறுவை முடிந்து, விறகும் கொண்டு இறங்குகிறாள். பிறகு சமையல், உடுப்பு, பிள்ளைகள். இதெல்லாம் முடிந்து முதுகைச் சுவரில் சாய்த்து உட்காருகிற நேரம்தான் சீரியல் நேரம். அந்த நாளில் அவளுக்கென்று இருப்பது அந்த அரை மணி நேரம் மட்டும். அதையும் பிடுங்கிக்கொண்டு முன்னேற்றம் என்று பேர் வைக்கிறீர்களா? ஆண்கள் தவறணையில் செலவழிக்கும் மாலையைப் பற்றி ஏன் ஐயா விமர்சனம் எழுதவில்லை?

இங்கே நம் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. பத்திரிகைக்காரரை மட்டும் திட்டிவிட்டுப் போக முடியாது. பெண்கள் கூட்டத்துக்கு வருவதில்லை, சீரியல்தான் காரணம் என்று நம் தலைவர்மாரும் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். கூட்டம் எத்தனை மணிக்கு? ஆறரைக்கு. அடுப்பில் சோறு வேகும் நேரம். கூட்டத்தில் பேசுகிறவர்கள் யார்? ஆண்கள். வந்த பெண்களுக்கு வேலை என்ன? தேத்தண்ணி ஊற்றுவது. கொழுந்து எடுக்கிறவர்கள் அநேகமாகப் பெண்கள், அவர்கள் சந்தா மாதம் தவறாமல் வெட்டப்படுகிறது. அவர்கள் வாய் திறக்க இடமில்லாத கூட்டத்தைவிட, குணசேகரனை நந்தினியும் ரேணுகாவும் எதிர்த்துப் பேசுவதைப் பார்ப்பது மேல் என்று அவர்கள் நினைத்தால் குற்றம் யாருடையது?

நம் ஆட்கள் ஒரு காலத்தில் திரையை வெறுமனே பார்த்துக்கொண்டு இருக்கவில்லை. 1975 இல் புதிய காற்று என்ற படத்தை எடுத்து நடித்த வீ.பி. கணேசன் ஒரு தொழிற்சங்கவாதி. அதற்கும் முன்னால் கோ. நடேசய்யர் நம் தொழிலாளர் நிலைமையை நாடகமாக எழுதினார். மீனாட்சி அம்மாள் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பாட்டாகப் பாடினார். காமன் கூத்து ஆடாத தோட்டம் அந்தக் காலத்தில் குறைவு. 2023 இல் 200 வருஷத்தை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தோம். அந்த நடையில் இல்லாத கதையா? எங்கள் லயத்தில் கேட்டுப் பார்த்தேன். மலையகக் குடும்பம் ஒன்றை நடுவில் வைத்து மாதக்கணக்கில் ஓடிய ஒரு சீரியல் யாருக்கும் ஞாபகத்தில் இல்லை. நேத்ரா இருக்கிறது, வசந்தம் இருக்கிறது, சக்தி இருக்கிறது. விமர்சகர் தன் பேனாவை அந்தப் பக்கம் திருப்பிக் கேட்டால் நாங்களும் கை தட்டுவோம்.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான்.

சங்கக் கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை பகலில் வையுங்கள். அன்று சமைப்பதை ஆண்கள் பார்த்துக்கொள்ளட்டும். மாதர் கூட்டத்தில் மாதம் ஒருமுறை, பார்த்த தொடரைப் பற்றி அரை மணி நேரம் பேசுவோம். அங்கே சம்பளம் வரும், காணி உறுதி வரும், வீட்டு அடி உதையும் வரும், எனக்கு அதில் சந்தேகமே இல்லை. தமிழ்த் தொலைக்காட்சிகளுக்கு நம் கையெழுத்தோடு கடிதம் அனுப்புவோம்: எங்கள் கதையை எடுங்கள், எங்கள் பிள்ளைகளில் எழுதத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

விமர்சகர் ஐயாவுக்கும் அழைப்பு உண்டு. ஒரு நாள் விடியற்காலையில் வந்து எங்களோடு மலைக்கு ஏறுங்கள். பின்னேரம் நிறுவை வரைக்கும் நில்லுங்கள். இரவு எங்கள் காம்பராவில் ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டுவிட்டு சீரியல் பார்ப்போம். பிறகு எழுதுங்கள். வாசிக்கிறோம்.

மாதர் சங்க உறுப்பினர் ஒருவர்