சம்பாவுக்கு அவசரம் ஆகாது



ஆடிப்பெருக்கு முடிந்த கையோடு எனக்கு வந்த வாட்ஸ்அப் செய்திகளில் மூன்று ஒரே மாதிரி இருந்தன. "சார், ஜனவரியில் சென்னை மாரத்தான் ஓடப்போறேன். ஃபுல் மாரத்தான். ஆசீர்வாதம் பண்ணுங்க." மூவருமே நாற்பதைத் தாண்டியவர்கள். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு, கிளம்பிவிட்ட பஸ்ஸைப் பிடிக்க ஓடியதுதான் இவர்களின் ஓட்டம். ஆசீர்வாதம் நிச்சயம் உண்டு. கூடவே என் கருத்தும் உண்டு: இந்த ஜனவரியில் 42 கிலோமீட்டர் வேண்டாம்.

ஓடவே வேண்டாம் என்று சொல்கிறேன் என யாரும் நினைக்க வேண்டாம். "இந்த வயசுல எதுக்கு இந்த ஓட்டம்?" என்று கேட்கும் உறவினர்களுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நம் பெரியவர்கள் ஓடவில்லைதான். ஆனால் நடவு, களை, அறுப்பு, கதிர்க்கட்டு சுமப்பது என்று உடம்பு தானாக உழைத்தது. இப்போது நடவுக்கும் அறுப்புக்கும் இயந்திரம் வந்துவிட்டது. சாப்பாடு மட்டும் அதே மூன்று வேளைச் சோறு. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு இருப்பதாக 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொல்கிறது. நம் தெருவைப் பார்த்தாலே அது புரியும். ஆகவே ஓடுகிறவரைக் கிண்டல் செய்யாதீர்கள். ஓடுவது பெண் பிள்ளையாக இருந்தால் வேடிக்கையும் பார்க்காதீர்கள்.

இனி மாணவர்களுக்கு. முழு மாரத்தான் 42.195 கிலோமீட்டர். தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். அதையும் தாண்டி இரண்டு கிலோமீட்டர் ஓட வேண்டும். இணையத்தில் கிடைக்கும் பயிற்சி அட்டவணைகள் பெரும்பாலும் 16 முதல் 20 வாரம். ஜனவரிக்கு ஐந்து மாதம் இருக்கிறதே, சரியாக வருமே என்று கணக்குப் போடுகிறீர்கள். அந்த அட்டவணைகளில் பல, ஏற்கெனவே ஓடிப் பழகியவர்களுக்கானவை. சம்பா 150 நாள் என்றால் அதற்கு நல்ல நாற்று வேண்டாமா? உங்களுக்கு இன்னும் நாற்றங்காலே போடவில்லை.

ஓடத் தொடங்கினால் மூச்சு சில வாரங்களில் பழகிவிடும். எலும்பும் தசைநாரும் அவ்வளவு சீக்கிரம் பழகாது. மூச்சு வாங்கவில்லையே என்று தூரத்தைக் கூட்டும்போதுதான் கணுக்காலும் முழங்காலும் மாட்டிக்கொள்கின்றன. அதோடு, தூரத்தைக் கூட்ட வேண்டிய ஐப்பசி, கார்த்திகையில்தான் நமக்கு அடைமழை. இரண்டு வாரம் விட்டுப்போகும். அதை ஈடுகட்ட ஒரே ஞாயிற்றுக்கிழமையில் 12-லிருந்து 20-க்குத் தாவுவீர்கள். அதுதான் ஆபத்து.

முன்னாள் சென்னை மேயர் மா. சுப்பிரமணியன் நூற்றுக்கும் மேற்பட்ட மாரத்தான்கள் ஓடியவர். அவற்றில் பெரும்பாலானவை 21 கிலோமீட்டர் அரை மாரத்தான்கள்தான். அதனால் அவர் ஓட்டத்தை யாராவது குறைத்துப் பேசினார்களா? இந்த ஜனவரிக்கு 10 கிலோமீட்டருக்குப் பெயர் கொடுங்கள். உடம்பு ஒத்துழைத்தால் அடுத்த கோடையைத் தாண்டி 21. அதன் பிறகு சம்பாவோடு சேர்த்து 42-ஐத் தொடங்குங்கள்.

வாரம் மூன்று நாள் போதும். ஓட்டமும் நடையும் மாற்றி மாற்றி, பக்கத்தில் வருபவரோடு பேச முடிகிற வேகத்தில் போங்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் நீண்ட தூரம் ஓடக்கூடாது. வழியில் சர்க்கரை இறங்கிவிடும். தண்ணீரைத் தாகத்துக்குக் குடியுங்கள். குடம் குடமாகக் குடித்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து அதுவே ஆபத்தாகும். ஓடி முடித்ததும் உப்புப் போட்ட நீர்மோர் நல்லது.

கடைசியாக ஒன்று. ஃபௌஜா சிங் 89 வயதில் முதல் மாரத்தான் ஓடியவர். 2011-ல் டொராண்டோவில் ஓடி முடித்தபோது தனக்கு 100 வயது என்றார். பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் கின்னஸ் அதை ஏற்கவில்லை. அத்தனை தூரம் ஓடிய கால்கள், 2025 ஜூலையில் பஞ்சாபில் சொந்த ஊருக்கு அருகே சாலையில் வாகனம் மோதி நின்றுபோயின. நம் ஊர்ச் சாலை மட்டும் பத்திரமா? அறுவடைக் காலத்தில் பாதிச் சாலையில் நெல் காய்கிறது. மீதிப் பாதியில் எல்லா வண்டியும் போகிறது. ஆகவே இருட்டில் பெரிய ரோட்டில் ஓடாதீர்கள். புது ஆற்றங்கரையோ அன்னை சத்யா விளையாட்டரங்கமோ போங்கள். கரையில் பூச்சிபொட்டு இருக்கும், விடிந்த பிறகு இறங்குங்கள். சாலையில்தான் ஓட வேண்டும் என்றால் எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி ஓடுங்கள். காயும் நெல்லை மிதிக்காதீர்கள்.

உள்ளாட்சிப் பொறுப்பில் இருக்கும் என் மாணவர்களிடம் ஒரு விண்ணப்பம். ஆற்றங்கரையில் ஐந்து கிலோமீட்டருக்கு முள்ளை வெட்டி விளக்குப் போடப் பாருங்கள். ஓடுகிறவர்கள் மட்டுமல்ல, நடக்கிற என்னைப் போன்றவர்களும் வாழ்த்துவோம்.

10 கிலோமீட்டருக்குப் பெயர் கொடுத்தவர்கள் கீழே எழுதுங்கள். ஆசீர்வாதம் அங்கேயே தருகிறேன்.