மோட்டாரை விடுங்கள், தரையைப் பாருங்கள்

வடசென்னையின் மணலி எம்.எஃப்.எல். சந்திப்பைத் தாண்டி ராப்பகலாக கன்டெய்னர் லாரிகளும் எண்ணெய் டேங்கர்களும் ஓடுகின்றன. கனரக வண்டி ஒன்று பள்ளத்தில் இறங்கி ஏறும்போது பக்கத்து வீடுகளின் தரைக்குள் போகும் அதிர்வு பெரும்பாலும் 5 முதல் 25 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும். அது காதுக்குக் கேட்காது. ஜன்னல் கண்ணாடிக்கும் அலமாரியில் அடுக்கிய எவர்சில்வர் டம்ளருக்கும்தான் தெரியும். அந்த வீட்டில் ரெக்கார்டு பிளேயர் இருந்தால் அதன் ஊசிக்கும் தெரியும். ஊசியைத் தாங்கும் கையும், ஊசியின் அசைவை மின்சமிக்ஞையாக மாற்றும் கார்ட்ரிட்ஜும் சேர்ந்து தாமாகவே ஆடக்கூடிய அதிர்வெண் ஒன்று உண்டு. அதை 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் அமைப்பதுதான் உலகெங்கும் உள்ள வழக்கம். லாரியின் அதிர்வு சரியாக அந்த இடத்தில் வந்து விழுகிறது.

இசைத்தட்டு மோகம் திரும்பியிருக்கும் இந்த நாட்களில், பழைய ஜப்பானிய டைரக்ட் டிரைவ் டர்ன்டேபிளை வாங்கி மெருகேற்றும் இளைஞர்கள் சென்னையிலும் இருக்கிறார்கள். நல்ல முயற்சி. ஆனால் பணத்தை எங்கே முதலில் போடுகிறார்கள் என்பதில்தான் கோளாறு. மோட்டாருக்குப் புது பவர் சப்ளை, விலையுயர்ந்த கேபிள், பளபளக்கும் உலோக எடைகள் என்று போகிறது. அந்த இயந்திரத்தில் பொறியாளர்கள் மிகச் சிறப்பாகச் செய்துவிட்ட பாகம் மோட்டார். முதலில் கைவைக்க வேண்டியவை தரையும் ஊசியும் எர்த்தும்தான்.

டைரக்ட் டிரைவ் என்றால் தட்டு வைக்கும் பிளாட்டரை மோட்டாரின் அச்சே நேராகச் சுற்றுவது. நடுவில் ரப்பர் பெல்ட்டோ சக்கரமோ கிடையாது. மாட்சுஷிடா நிறுவனத்தின் பொறியாளர் ஷுயிச்சி ஒபாட்டாவின் குழு உருவாக்கிய டெக்னிக்ஸ் எஸ்பி-10 1970-ல் விற்பனைக்கு வந்தது. 1972-ல் எஸ்எல்-1200 வந்தது. 1979-ல் வந்த அதன் எம்கே2 வடிவம் உலகெங்கும் டிஜேக்களின் கைக்கருவி ஆனது. அதில் குவார்ட்ஸ் படிகம் வேகத்தைக் காவல் காக்கிறது. நின்ற நிலையிலிருந்து 0.7 விநாடியில் பிளாட்டர் முழு வேகம் பிடிக்கிறது. வேகத்தில் உண்டாகும் தடுமாற்றம் 0.025 சதவீதம்தான். 2010-ல் உற்பத்தியை நிறுத்திய நிறுவனமே 2016-ல் எஸ்எல்-1200 வரிசையை மீண்டும் கொண்டுவர வேண்டியிருந்தது. நாற்பது வயது மோட்டார் ஒழுங்காகச் சுற்றுகிறதென்றால் அதை நிம்மதியாக விட்டுவிடலாம். பேரிங்குக்கு ஒரு சொட்டு எண்ணெய், சர்க்யூட் போர்டில் காய்ந்துபோன கன்டென்சர்களுக்கு மாற்று, இவ்வளவு போதும்.

நம் ஊர் மின்சாரத்துக்கும் இந்த வகைதான் தோது. அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் பழைய பெல்ட் டிரைவ் பிளேயர்கள் பல அங்குள்ள 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை நம்பிச் சுற்றுபவை. இங்கே 50 ஹெர்ட்ஸில் போட்டால் 33⅓-க்குப் பதில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 27.8 சுற்றுதான் வரும். எந்தப் பாடகியும் ஆண் குரலில் பாடத் தொடங்கிவிடுவார். குவார்ட்ஸ் காவல் உள்ள டைரக்ட் டிரைவுக்கு இந்தப் பிரச்சினையே இல்லை. ஆனால் ஜப்பானின் உள்நாட்டு விற்பனைக்காகச் செய்தவை 100 வோல்ட் இயந்திரங்கள். ரிச்சி தெருவில் ஒரு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்காமல் அதை நேரே 230 வோல்ட்டில் செருகினால் முதல் நாளே புகைந்துவிடும்.

இனி தரைக்கு வருவோம். மணலி, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் வீடு உள்ளவர்கள் பிளேயரை மாடி அறையின் நடுவே, மர ஸ்டூலின் மேல் வைக்கக் கூடாது. கான்கிரீட் தளம் அதிகம் அதிர்வது அதன் நடுப்பகுதியில்தான். சுவரை நெருங்க நெருங்க ஆட்டம் குறையும். முடிந்தால் கீழ்த்தளத்தில், பாரம் தாங்கும் சுவரின் மூலையில் வைக்க வேண்டும். நம் வீடுகளில் சுவரோடு சேர்த்துப் பதித்த கடப்பாக் கல் அலமாரி இதற்கென்றே செய்ததுபோல் அமைந்திருக்கிறது. கல்லின் எடை காலடி அதிர்வை அமுக்கிவிடும். அதற்கு மேல் வரும் லாரி அதிர்வுக்கு ஒரு பழைய வைத்தியம் உண்டு. சிறுவர் சைக்கிளின் டியூபில் கொஞ்சமாகக் காற்றடித்து, அதன் மேல் கனமான பலகையோ இன்னொரு கல்லோ வைத்து, அதன் மேல் பிளேயரை வைப்பது. மிருதுவான காற்றும் கனமான கல்லும் சேர்ந்தால் அந்த அமைப்பு தானாக ஆடும் அதிர்வெண் மூன்று, நான்கு ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். அதைவிடக் கணிசமாக வேகமாக வரும் அதிர்வு மேலே ஏறாது. எல்லாம் முடிந்ததும் கொத்தனாரின் ரசமட்டத்தைப் பிளாட்டரின் மேல் வைத்து நான்கு திசையும் சரிபார்க்க வேண்டும். ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கும் அதிர்வுதாங்கிக் கால்களுக்கு முன்னால் இதைச் செய்து பார்ப்பது நல்லது.

மணலிக்கு இன்னொரு தனிப் பிரச்சினையும் உண்டு. 2009-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் மிகக் கடுமையாக மாசடைந்த தொழிற்பகுதிகளின் பட்டியலில் மணலியைச் சேர்த்தது. பெட்ரோலியச் சுத்திகரிப்பில் உண்டாகும் ஹைட்ரஜன் சல்ஃபைடு காற்றில் கொஞ்சம் கலந்தாலே வெள்ளியைக் கறுக்க வைக்கும்; செம்பும் தப்பாது. கடற்காற்றின் உப்பு மீதியைப் பார்த்துக்கொள்ளும். கார்ட்ரிட்ஜ் கொடுக்கும் மின்னழுத்தம் சுமார் 5 மில்லிவோல்ட்தான். அவ்வளவு மெல்லிய சமிக்ஞை கறுத்துப்போன முனைகளின் வழியே போனால் ஒரு பக்கம் ஒலி விட்டுவிட்டு வரும், கரகரக்கும். ஆகவே கையின் நுனியில் கார்ட்ரிட்ஜைத் தாங்கும் ஹெட்ஷெல்லின் முனைகளையும் ஆர்சிஏ பின்களையும் அவ்வப்போது துடைப்பதும், தேய்ந்த ஒயர்களைப் புதிதாகப் பற்றவைப்பதும் இங்கே உண்மையான மேம்பாடு. அடிநாதமாகக் கேட்கும் ‘உம்ம்’ இரைச்சலுக்குப் பெரும்பாலும் காரணம் இணைக்காமல் விட்ட எர்த் ஒயர். அதைச் சரிசெய்த பிறகும் இரைச்சல் போகவில்லையென்றால்தான், பிளேயருக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றித் தனிப்பெட்டியில் தூரமாக வைப்பதைப் பற்றி யோசிக்கலாம்.

அடுத்தது ஊசி. தமிழ் வாசகருக்கு முக்கியமானதும் இதுதான்.

மயிலாப்பூரோ மணலியோ, பரணில் கிடக்கும் பழைய தட்டுகளில் பல 78 சுற்றுத் தட்டுகள். அவற்றின் பள்ளம் அகலமானது. அதற்கு ஏறக்குறைய 76 மைக்ரான் முனை வேண்டும். எல்பி ஊசியின் முனை 18 மைக்ரான் அளவுதான். அதை 78 தட்டில் வைத்தால் பள்ளத்தின் அடியில், எண்பது வருட அழுக்குக்குள் ஓடும். பாட்டைவிட இரைச்சல்தான் கேட்கும். ‘பழைய தட்டு என்றால் அப்படித்தான்’ என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். சரியான ஊசி போட்டால் அதே தட்டில் தம்பூராவின் மீட்டல்கூடக் காதில் விழும். கூடவே செலவில்லாத ஒரு திருத்தமும் உண்டு. ஹெட்ஷெல்லில் வெள்ளை, சிவப்பு ஒயர்களை ஒன்றாகவும், நீலம், பச்சையை ஒன்றாகவும் இணைத்துவிட்டால் ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜ் மோனோவாக மாறும். 78 தட்டில் இசை பக்கவாட்டு அசைவில் மட்டுமே இருக்கிறது. மேலும் கீழுமாக ஊசி குதிப்பதால் வரும் சத்தம் இந்த இணைப்பில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்.

வேகத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 78 என்று பெயரிருந்தாலும் ஆரம்பகாலத் தட்டுகள் எல்லாம் 78-ல் வெட்டப்பட்டவை அல்ல. 76-ம் இருந்தது, 80-ம் இருந்தது. வேகம் ஆறு சதவீதம் கூடினால் சுருதி அரைக் கட்டை ஏறிவிடும். 1933-ல், 27 வயதில் காலமான எஸ்.ஜி.கிட்டப்பாவின் குரல் இன்று நமக்கு இசைத்தட்டுகளில்தான் இருக்கிறது. உச்ச ஸ்தாயிக்குப் பேர்போன அந்தக் குரல் எந்தச் சுருதியில் பாடியது என்ற கேள்விக்கு, தட்டு எந்த வேகத்தில் சுற்றுகிறது என்று தெரியாமல் பதில் சொல்ல முடியாது. இணையத்தில் உலவும் பழைய பதிவுகளில் எத்தனை இப்படி அரைக் கட்டை ஏறியோ இறங்கியோ ஒலிக்கின்றன! டைரக்ட் டிரைவின் வேகத் தள்ளுகோல் டிஜேக்களுக்காக வந்தது என்றாலும், கர்னாடக இசை கேட்பவருக்குத்தான் அது பெரிய வரம். எட்டு சதவீதம் முன்னும் பின்னும் நகர்த்திச் சுருதிப்பெட்டியோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். எஸ்எல்-1200 எம்கே2-வின் பிளாட்டர் ஓரத்தில் உள்ள புள்ளி வரிசைகளில் ஒன்று சரியாக +6 சதவீதத்தைக் காட்டும். ஆனால் அந்த மாடலில் 78 வேகம் கிடையாது. அதற்குத் தனியாகச் சர்க்யூட்டைத் திருத்த வேண்டும். ஆடியோ-டெக்னிகாவின் ஏடி-எல்பி120 வகையில் 78 கூடவே வருகிறது. அதன் உள்ளேயே இருக்கும் சிறு ஆம்பைத் தவிர்த்து, கார்ட்ரிட்ஜிலிருந்து நேராக வெளியே ஒயர் எடுப்பவர்கள் உண்டு. சாலிடரிங் தெரிந்தவருக்கு அது செய்யத்தகுந்த வேலை.

சுத்தம் செய்வதில் ஓர் எச்சரிக்கை. எல்பி தட்டு பிவிசி. நீர்த்த ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தாங்கும். 78 தட்டு அரக்கால் ஆனது. ஸ்பிரிட் பட்டால் அரக்கு கரைந்துவிடும், பாட்டும் அதோடு போய்விடும். அதற்குச் சுத்தமான தண்ணீரும் மிருதுவான துணியும்தான்.

எந்தத் தட்டும் தானாக மிஞ்சுவதில்லை. 1985-ல் மூர் மார்க்கெட் எரிந்தபோது பழைய தட்டுகள் கைமாறும் பெரிய இடம் ஒன்று போனது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் எண்ணூர் கழிமுகத்திலும் கரையோர வீடுகளின் சுவர்களிலும் படிந்தது. அலமாரியின் கீழ்த்தட்டில் அடுக்கிய எந்த அட்டை உறைக்கும் அதிலிருந்து தப்பிக்க வழியில்லை. ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் மைக் செட் போட்ட குடும்பங்களின் பரண்களில் இன்னும் என்னென்ன தட்டுகள் இருக்கின்றன என்று யாரும் கணக்கெடுக்கவில்லை.

வடசென்னை வளர்ச்சித் திட்டத்தில், படிக்கவும் வேலை செய்யவும் பொது இடமான முதல்வர் படைப்பகங்களும் நூலகங்களும் கட்டப்பட்டிருக்கின்றன. அவற்றில் ஒன்றிலாவது, கீழ்த்தளத்தில், சுவரில் பதித்த கடப்பாக் கல்லின் மேல், 78 வேகம் உள்ள ஒரு டைரக்ட் டிரைவ் டர்ன்டேபிளை அரசு வைக்க வேண்டும். இரண்டு மூன்று அளவு ஊசிகளும், மோனோவாக இணைத்த ஹெட்ஷெல் ஒன்றும், கணினியில் பதிவுசெய்ய ஒரு பெட்டியும் உடன் வேண்டும். மக்கள் வீட்டுத் தட்டைக் கொண்டுவந்து, பதிவுசெய்து, தட்டையும் பதிவையும் திரும்ப எடுத்துப் போகட்டும். ஒரு நகல் நூலகத்தில் இருக்கட்டும். எந்தத் தட்டை எந்த வேகத்தில், எந்த ஊசியில் ஓட்டினார்கள் என்பதையும் பதிவோடு சேர்த்துக் குறிக்க வேண்டும். அதை இயக்க வெளிநாட்டு வல்லுநர் தேவையில்லை. ஊசி மாற்றி, எர்த் பார்த்து, கூட்டத்தின் நடுவே தட்டு ஓட்டிப் பழகிய மைக் செட்காரர்கள் இதே தெருக்களில் இருக்கிறார்கள். சம்பளம் கொடுத்து அவர்களை நியமிக்கலாம்.