ஜுரமும் ஒரு நாள் கூலியும்

2020 மார்ச்சில் கொரோனா பரவலைத் தடுக்கக் கேரள அரசு தொடங்கிய 'பிரேக் த செயின்' பிரசாரம், கைகழுவும் வழக்கத்தைப் பொது இடங்களுக்கெல்லாம் கொண்டுவந்து சேர்த்த மகத்தான காரியம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆயினும், இன்ஃபுளுயன்சா ஜுரம் இருமலிலும் தும்மலிலும் பரவுவதாகையால், கைகழுவுதல் மட்டும் போதாது; வரிசைக் குடியிருப்புகளான லயங்களில் நெருக்கமாக வாழும் தேவிகுளம், பீர்மேடு தோட்டத் தொழிலாளருக்கும், பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவின் தமிழ்க் குடும்பங்களுக்கும், மலையாளத்தில் மட்டும் அச்சிட்ட எச்சரிக்கையும் போதாது. தமிழில் சொல்வதும், சொல்பவர் அவர்கள் அறிந்து நம்பும் ஆஷா சுகாதாரப் பணியாளராய் இருப்பதும் அவசியம். அதனினும் முக்கியமாக, ஜுரம் கண்டவர் வீட்டிலேயே தங்கவேண்டும் என்று உபதேசிக்கும் சர்க்கார், கூலி போனால் அடுப்பெரியாத குடும்பங்கள் அதை அனுசரிக்கும் பொருட்டு, 1951-ஆம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டமே அங்கீகரித்த நோய்க்கால உதவித்தொகையைத் தோட்ட நிர்வாகங்கள் தாமதமின்றி வழங்கும்படி செய்யவேண்டும்.