இருப்பதை விட்டுப் பறப்பதா?



மளிகைக் கடையில் மாதச் சாமான் கட்டி முடித்ததும், கடைக்காரர் பெரிய மனசு பண்ணி ஒரு பொட்டலம் கற்கண்டை மேலே வைக்கிறார். குழந்தைகளுக்கு ஒரே கொண்டாட்டம். ஆனால், வீட்டு நிர்வாகம் செய்கிறவர்கள் யாராவது அந்தக் கற்கண்டை இனாம் என்று நம்புகிறோமா? துவரம் பருப்பிலோ புளியிலோ அதன் விலை எங்கேயோ கரைந்து கிடக்கிறது என்பது நமக்குத் தெரியும். தெரிந்தும் அடுத்த மாதம் அதே கடைக்குத்தான் போகிறோம். கற்கண்டு செய்கிற வேலை அதுதான்!

ஆகாய விமானக் கம்பெனிகளும் கற்கண்டுப் பொட்டலம் கட்டிக் கொடுக்கின்றன. அதற்குப் புள்ளி என்று பெயர். 'பாயிண்ட்' என்பார்கள், 'மைல்' என்பார்கள். ஒரே கம்பெனியின் விமானத்தில் திரும்பத் திரும்பப் போனால் புள்ளிகள் சேரும். போதுமான அளவு சேர்ந்தால் ஒரு டிக்கெட் இலவசம். இதைப் பெரிய அளவில் ஆரம்பித்து வைத்த புண்ணியவான் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கம்பெனி. 1981-ஆம் ஆண்டு மே மாதம் முதல் தேதி. இன்று உலகத்தில் இப்படி ஒரு சங்கம் வைத்துக்கொள்ளாத பெரிய விமானக் கம்பெனியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

"விமானப் பிரயாணமெல்லாம் பெரிய மனிதர்கள் சமாசாரம், நமக்கு எதற்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். சேலம், நாமக்கல் பக்கத்து நிலவரம் உங்களுக்குத் தெரியாததா? ஜவ்வரிசி வியாபாரி வடக்கே மகாராஷ்டிரத்துக்குப் பறக்கிறார். வெள்ளிக் கொலுசு வியாபாரி ஹைதராபாத்துக்குப் பறக்கிறார். திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று லாரி ஏதோ ஒரு மாநிலத்தில் பழுதாகி நின்றால், முதலாளி அன்று மாலையே விமானம் ஏறுகிறார். மகள் சிங்கப்பூரில் பிரசவத்துக்குக் காத்திருந்தால், அம்மா வடாமும் பருப்புப் பொடியும் கட்டிக்கொண்டு திருச்சியில் விமானம் ஏறுகிறாள்.

நாமக்கல்லில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குடும்பத் தலைவர் கோழித் தீவன வியாபாரி. வருஷத்தில் ஒன்றரை லட்ச ரூபாய்க்கு விமான டிக்கெட் வாங்குகிறவர். ஒரு நாள் இராத்திரி சாப்பிடும்போது பிரகடனம் செய்கிறார்: "இந்தக் கம்பெனி நூறு ரூபாய்க்கு மூன்று புள்ளிதான் கொடுக்கிறான். அந்தக் கம்பெனி ஆறு கொடுக்கிறான்! நாளை முதல் அங்கே மாறிவிடப் போகிறேன்." மனைவி ரசம் விட்டுக்கொண்டே கேட்கிறாள்: "இங்கே சேர்த்தது என்ன ஆகும்?" அவரிடம் பதில் இல்லை. இந்தக் கட்டுரை அந்த ஒரு கேள்விக்குத்தான்.

நாமக்கல்காரர்களுக்கு முட்டைக் கணக்கு தண்ணீர் பட்ட பாடு. முட்டை விலையை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கிறது. ஊருக்கெல்லாம் அது தெரிகிறது. விலை இறங்கினாலும் ஒரு தட்டில் முப்பது முட்டை என்பது மாறாது. புள்ளியின் கதை வேறு. அதை அச்சடிப்பதும் கம்பெனி, விலை வைப்பதும் கம்பெனி, இத்தனை நாளைக்குள் செலவழிக்காவிட்டால் செல்லாது என்று சொல்வதும் கம்பெனியேதான். சந்தையில் கொண்டுபோய் விற்கவும் முடியாது. ஆகவே ஆறு பெரிதா, மூன்று பெரிதா என்று எண்ணிக்கையைப் பார்ப்பதில் அர்த்தமில்லை. முதலில் ஒரு புள்ளி எத்தனை பைசா பெறும் என்று பார்க்க வேண்டும்.

கணக்குப் போடுவோமா? ஐயாயிரம் ரூபாய் டிக்கெட் ஒன்று. புதிய சங்கத்தில் அதற்குப் பத்தாயிரம் புள்ளி கேட்கிறார்கள். அதற்கு மேல் வரி, கட்டணம் என்று 1,000 ரூபாய் ரொக்கமாகக் கட்ட வேண்டும். (இலவச டிக்கெட்டிலும் வரி உண்டு; மறந்துவிடாதீர்கள்.) ஆக, மிச்சம் 4,000 ரூபாய். புள்ளி ஒன்றுக்கு 40 பைசா. நூறு ரூபாய் செலவுக்கு ஆறு புள்ளி என்றால், திரும்பி வருவது 2 ரூபாய் 40 பைசா.

பழைய சங்கத்தில் அதே டிக்கெட்டுக்கு 5,000 புள்ளி போதும். ரொக்கக் கட்டணம் 1,500 ரூபாய் என்று கொள்வோம். மிச்சம் 3,500 ரூபாய். புள்ளி ஒன்றுக்கு 70 பைசா. நூறு ரூபாய்க்கு மூன்று புள்ளி என்றால், திரும்பி வருவது 2 ரூபாய் 10 பைசா.

அடேயப்பா! இரட்டிப்பு இலாபம் என்று தம்பட்டம் அடித்ததெல்லாம் கடைசியில் நூற்றுக்கு முப்பது பைசா வித்தியாசத்தில் வந்து நின்றது. ஒன்றரை லட்ச ரூபாய்க்கு வருஷத்தில் 450 ரூபாய்.

இனி அந்த அம்மாள் கேட்ட கேள்விக்கு வருவோம். பழைய சங்கத்தில் 4,000 புள்ளி கிடக்கிறது. மதிப்பு 2,800 ரூபாய். இலவச டிக்கெட்டுக்கு இன்னும் ஆயிரம் புள்ளி குறைகிறது. இதை அப்படியே விட்டுவிட்டு மாறினால், அந்தப் புள்ளிகள் காலாவதியாகிவிடும். வருஷத்துக்கு 450 ரூபாய் இலாபத்தில் 2,800 ரூபாய் நஷ்டத்தை ஈடுகட்ட ஆறு வருஷத்துக்கு மேல் ஆகும்! அவசரப்படாமல் பழைய கம்பெனியிலேயே இன்னும் மூன்று மாதம் போய்வந்தால் அந்த ஆயிரம் புள்ளியும் சேர்ந்துவிடும். இலவச டிக்கெட்டை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, அப்புறம் தாராளமாக மாறலாம். மாறுவது தப்பில்லை, மாறுகிற நேரம்தான் முக்கியம்.

இன்னொன்று: இது கல்யாண பந்தம் இல்லை. இரண்டு சங்கங்களிலும் ஒரே சமயத்தில் அங்கத்தினராக இருக்கலாம். பெரும்பாலும் சேருவதற்குக் கட்டணமும் கிடையாது.

"ஆறு வருஷமா? இருந்து சேர்த்துக்கொண்டே போனால் என்ன?" என்று கேட்கிற பொறுமைசாலிகளும் உண்டு. அவர்களுக்குச் சில பழைய கதைகளைச் சொல்கிறேன்.

சேலத்துக்காரர்களுக்குக் கிங்ஃபிஷர் விமானம் நினைவிருக்கும். 2009-ல் சென்னையிலிருந்து ஓமலூர்ப் பக்கத்துக் காமலாபுரம் விமான நிலையத்துக்கு வர ஆரம்பித்தது. கொஞ்ச காலத்தில் வருவதை நிறுத்திக்கொண்டது. 2012 அக்டோபரில் அந்தக் கம்பெனியே பறப்பதை நிறுத்தியது. 'கிங் கிளப்' என்ற அதன் சங்கத்தில் சேர்ந்திருந்த புள்ளிகளும் கூடவே போயின. சீட்டுக் கம்பெனி மூழ்கினால் போராடவாவது சட்டம் இருக்கிறது. புள்ளி மூழ்கினால் அழுவதற்குக்கூட ஆள் சேராது.

ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17-ஆம் தேதி கடைசி விமானத்தைக் கிளப்பியது. அதன் புள்ளிகள் மட்டும் பிழைத்தன. காரணம், அந்தச் சங்கத்தைத் தனிக் கம்பெனியாகப் பிரித்து வைத்திருந்தார்கள். அதே வருஷம் நவம்பரில் அது 'இன்டர்மைல்ஸ்' என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஆனால் எந்த விமானத்தில் ஏறுவதற்காக ஜனங்கள் சேர்த்தார்களோ, அந்த விமானம் இல்லை!

விஸ்தாரா 2015 ஜனவரியில் பறக்க ஆரம்பித்து, நல்ல பெயர் வாங்கி, 2024 நவம்பர் 12-ஆம் தேதி ஏர் இந்தியாவோடு ஐக்கியமாகிவிட்டது. அங்கத்தினர்களின் புள்ளிகள் ஒன்றுக்கு ஒன்றாக ஏர் இந்தியாவின் சங்கத்துக்கு மாற்றப்பட்டன. சங்கத்துக்கு 'மகாராஜா கிளப்' என்று புதுப் பெயரும் வந்தது. அதே 2024-ல், ஏப்ரல் மாதம், ஏர் இந்தியா தன் கணக்கு முறையையே மாற்றியிருந்தது. அதுவரை எத்தனை தூரம் பறந்தோம் என்று பார்த்தவர்கள், அதற்குப் பிறகு எத்தனை ரூபாய் கொடுத்தோம் என்று பார்க்க ஆரம்பித்தார்கள். மலிவு டிக்கெட்டில் நெடுந்தூரம் போய்ப் புள்ளி சேர்த்த கெட்டிக்காரர்களின் பாடு கொஞ்சம் திண்டாட்டமாயிற்று.

இண்டிகோவின் கதை இன்னும் வேடிக்கை. 2006-ல் பறக்க ஆரம்பித்த அந்தக் கம்பெனி, பதினெட்டு வருஷ காலம் அடிக்கடி பறப்பவர்களுக்கென்று இப்படி ஒரு சங்கமே நடத்தாமல் இந்தியாவில் முதலிடத்தைப் பிடித்தது. உள்நாட்டில் பறப்பவர்கள் நூறு பேரில் அறுபது பேருக்கு மேல் அதில்தான் போனார்கள். புள்ளிக்காகவா போனார்கள்? வேண்டிய ஊருக்கு, வேண்டிய நேரத்தில் விமானம் இருந்தது, போனார்கள். கடைசியில் 2024-ல் அவர்களும் 'ப்ளூசிப்' என்று ஒரு சங்கத்தை ஆரம்பித்தார்கள். அதிலிருந்துதான் நம் வீடுகளில் 'இதுவா, அதுவா' என்ற தர்க்கம் சூடு பிடித்தது.

இந்தத் தர்க்கத்தில் நம் ஊர்க்காரர்கள் மறக்கக் கூடாத சங்கதி ஒன்று இருக்கிறது. சென்னையிலும் பம்பாயிலும் இருக்கிறவர்களுக்கு எல்லாக் கம்பெனி விமானமும் வாசலில் நிற்கிறது. நமக்கு அப்படியா? காமலாபுரத்துக்கு 2018 மார்ச் 25-ல் 'உடான்' திட்டத்தின் கீழ் ட்ரூஜெட் வந்தது, அதுவும் நின்றது. மறுபடி 2023 அக்டோபரில்தான் இண்டிகோவும் அலையன்ஸ் ஏரும் வந்தன. மகாராஜாவின் மேல் பக்தி கொண்ட சேலத்துக்காரர் கோயமுத்தூருக்கோ பெங்களூருக்கோ பிரயாணப்பட வேண்டும். கோயமுத்தூர் சுமார் 160 கிலோமீட்டர். பெங்களூர் விமான நிலையம் அதைவிடத் தூரம். டாக்ஸிக்கு நாலாயிரம் ரூபாய் கொடுத்து, நானூற்றைம்பது ரூபாய்ப் புள்ளியைச் சம்பாதிப்பதை நம் பாட்டிமார்கள் என்னவென்று சொல்லியிருப்பார்கள்? சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்!

புள்ளியைத் தவிர, பதவி என்று ஒன்றும் இருக்கிறது. வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று படி வைத்திருப்பார்கள். மேல் படியில் இருப்பவருக்குத் தனி வரிசை, விமான நிலையத்தில் சொகுசு அறை, கூடுதல் சாமான். இதில் கூடுதல் சாமான் நிஜமான லாபம். சிங்கப்பூர் போகிற ஊறுகாய் ஜாடியைக் கேட்டுப் பாருங்கள்! போட்டிக் கம்பெனிகள் சில சமயம், "அங்கே உங்களுக்குத் தங்கப் பதவியா? இங்கேயும் தருகிறோம், வாருங்கள்" என்று அழைக்கும். வரவேற்க வேண்டியதுதான். ஆனால் பெரும்பாலும் அது சில மாதத்துக்கான தற்காலிகப் பதவி. அதற்குள் இத்தனை தடவை பறக்க வேண்டும் என்று நிபந்தனை இருக்கும். பதவியைக் காப்பாற்றிக்கொள்வதற்காகவே, வேலை இல்லாத ஊருக்கு டிசம்பர் மாதம் டிக்கெட் வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த யோசனை உங்கள் வீட்டில் எழுந்தால், தாட்சண்யம் பார்க்காமல் தடுத்துவிடுங்கள்.

கம்பெனியின் பெயர் போட்ட கிரெடிட் கார்டு விஷயமும் இதே ரகம்தான். மாதா மாதம் பாக்கி வைக்காமல் கட்டுகிறவர்களுக்குப் புள்ளி இலாபம். பாக்கி வைத்தால் நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய்க்கு மேல் வட்டி ஏறும்; நூற்றுக்கு இரண்டு ரூபாய்ப் புள்ளி எந்த மூலைக்கு?

சரி, இதெல்லாம் ஐயாவின் புள்ளி. அம்மாவின் புள்ளி எங்கே?

இங்கேதான் நம் குடும்பங்களில் பெரிய ஓட்டை இருக்கிறது. டிக்கெட் வாங்குகிறவர் தம் அங்கத்தினர் எண்ணை மட்டும் ஞாபகமாகக் குறிப்பிடுவார். மனைவி, தாயார், குழந்தைகள் போன பிரயாணத்துக்குப் புள்ளி கேட்பாரில்லை. ஒருவர் பறந்தால் அவர் பெயரில்தான் புள்ளி விழும். வேறொருவர் கணக்கில் தானாக விழாது. ஆகவே ஒவ்வொருவர் பெயரிலும் கணக்கு ஆரம்பியுங்கள். குடும்பத்துப் புள்ளிகளை ஒரே உண்டியலில் சேர்க்கும் வசதி சில சங்கங்களில் உண்டு, கேட்டு வாங்குங்கள்.

வருஷத்துக்கு ஒரு முறை மகளைப் பார்க்கப் போகிற தாய்க்கு இன்னொரு உபாயம் இருக்கிறது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் 'கிரிஸ்ஃப்ளையர்' மைல்களுக்கு ஆயுள் 36 மாதம். மூன்று வருஷத்தில் மூன்று பிரயாணம் போய், டிக்கெட்டுக்குப் போதாமல் அப்படியே கரைந்துவிடலாம். ஏர் இந்தியா 2014 ஜூலையில் 'ஸ்டார் அலையன்ஸ்' என்ற கூட்டணியில் சேர்ந்தது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் அதில்தான் இருக்கிறது. ஒரு கம்பெனியில் பறந்து, புள்ளியைக் கூட்டாளிக் கம்பெனியின் கணக்கில் சேர்க்கலாம். துளித் துளியாக நாலு பாத்திரத்தில் வைக்காமல், ஒரே பாத்திரத்தில் நிரப்புவது புத்திசாலித்தனம்.

கடைசியாக, பேசக் கூசுகிற ஒரு விஷயம். பல சங்கங்களின் விதிப்படி, அங்கத்தினர் காலமானால் புள்ளியும் காலமாகிவிடுகிறது. வங்கிப் பணம் போல அது வாரிசுக்குத் தானாக வராது. ஓய்வு பெற்ற பிறகு மனைவியை எங்கேயாவது அழைத்துப் போகலாம் என்று இருபது வருஷம் புள்ளி சேர்க்கிற கணவன்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும். புள்ளியைச் சேர்த்து வைப்பது சேமிப்பு அல்ல. அது ஊறுகாய் அல்ல, தயிர். உறைந்தவுடன் சாப்பிட்டுவிட வேண்டும்.

எனவே, இன்றைக்கு வீட்டு வேலை முடிந்ததும் கைபேசியை எடுத்து வைத்துக்கொண்டு மூன்று கேள்வி கேளுங்கள். யார் பெயரில் எத்தனை புள்ளி இருக்கிறது? எந்தத் தேதியோடு அது செல்லாமல் போகும்? இலவச டிக்கெட்டுக்கு இன்னும் எத்தனை குறைகிறது? இந்த மூன்றையும் ஒரு காகிதத்தில் எழுதிப் பால் கணக்கு நோட்டுக்குள் செருகி வையுங்கள். அப்புறம் எந்தக் கம்பெனி எத்தனை கற்கண்டு நீட்டினாலும், மாறுவதா வேண்டாமா என்று சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.